‘பிரசிடென்ட் இல்லாத ஊர்ல தண்ணி வரலைன்னா யார்கிட்ட கேக்குறது?’ - கூடலூர் முதல் பாப்பாபட்டி வரை... ஒரு காலி நாற்காலியின் கதை!

தேனி மாவட்டம் கூடலூரில் உங்கள் தெருவிளக்கு எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வீர்கள்? வார்டு கவுன்சிலருக்கு போன் போடுவீர்கள். எடுக்கவில்லை என்றால், காலையில் டீக்கடையில் மடக்குவீர்கள். “என்னண்ணே, ஓட்டு கேக்க வர்றப்ப மட்டும்தான் எங்க தெரு கண்ணுக்குத் தெரியுமா?” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டால் போதும். சாயங்காலத்துக்குள் ஏணியோடு ஆள் வந்துவிடும்.

அதே கூடலூரில் இருந்து வயல்காட்டு ரோட்டில் கொஞ்ச தூரம் போங்கள். நகராட்சி எல்லை முடிந்து கிராம ஊராட்சி ஆரம்பமாகும். அங்கும் அதே நெல், அதே தென்னை, அதே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர்தான். ஆனால், அங்கே ஒரு விளக்கு எரியவில்லை என்றால் மடக்கிக் கேட்பதற்கு ஆள் இல்லை. வார்டு மெம்பர் இல்லை. பிரசிடென்ட் இல்லை. அவர்களுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்குள் நடந்திருக்க வேண்டிய தேர்தல் நடக்கவில்லை. ஆகஸ்ட் 15 கிராம சபைகூட, தலைவர்கள் இல்லாமலேதான் நடந்து முடிந்தது.

ஊராட்சி அலுவலகத்தில் அந்த நாற்காலி இருக்கிறது. உட்கார ஆள் இல்லை. ‘இதெல்லாம் ஒரு பிரச்னையா?’ என்று நினைக்கிறவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. ஏனென்றால், இதே நாற்காலிக்காக இங்கிருந்து ஒரே பஸ்ஸில் போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள சில ஊர்களில் 10 வருடம் போராட்டம் நடந்திருக்கிறது!

கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்

தேனி மாவட்டத்தில் 6 நகராட்சிகள், 22 பேரூராட்சிகள், 130 கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. கூடலூர் நகராட்சி. இதற்கு 2022 பிப்ரவரி 19-ம் தேதி தேர்தல் நடந்தது. எனவே கவுன்சிலர்கள் பதவியில் இருக்கிறார்கள்.

பக்கத்தில் இருக்கும் கருநாக்கமுத்தன்பட்டி, குள்ளப்பகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, சுருளிப்பட்டி எல்லாம் கம்பம் ஒன்றியத்தைச் சேர்ந்த கிராம ஊராட்சிகள். இவற்றுக்கு 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் தலைவர்களும் வார்டு உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 2020 ஜனவரி 6-ல் பதவியேற்றார்கள். ஐந்து ஆண்டுகள் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

அந்த 2019 தேர்தலில் தமிழகம் முழுக்கத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியிருந்தவர்கள் 9,624 ஊராட்சித் தலைவர்கள். 76,746 வார்டு உறுப்பினர்கள். புதிதாகப் பிரிக்கப்பட்ட மாவட்டங்களையும் அவற்றின் தாய் மாவட்டங்களையும் சேர்த்து, 9 மாவட்டங்களுக்கு மட்டும் 2021 அக்டோபரில் தேர்தல் நடந்தது. அங்கே தலைவர்கள் தொடர்கிறார்கள். மற்ற மாவட்டங்களின் ஊராட்சிகள் எல்லாம் இப்போது ‘தனி அலுவலர்’ கையில்.

ஊராட்சிகளுக்குத் தனி அலுவலர் என்றால், பெரும்பாலும் நாம் பி.டி.ஓ என்று சொல்லும் வட்டார வளர்ச்சி அலுவலர். கம்பம் ஒன்றியத்தில் மொத்தமே ஐந்து ஊராட்சிகள்தான். ஆனால், ஆண்டிபட்டி ஒன்றியத்தில் 30 ஊராட்சிகள். அதாவது, 30 தலைவர்கள் பார்த்த வேலை இப்போது ஓர் அதிகாரியின் மேஜையில். அவருக்கு ஏற்கெனவே இருக்கிற ஒன்றிய அலுவலக வேலைகள் தனி.

‘அவரு வீடு எங்க இருக்கு?’

என் அப்பத்தா இந்தப் பள்ளத்தாக்கில்தான் ஓர் ஊராட்சியில் இருக்கிறார். ஊர் பெயர் வேண்டாம். அப்பத்தாவுக்குப் பஞ்சாயத்து ராஜ் சட்டமெல்லாம் தெரியாது. ஆனால், தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நன்றாகத் தெரியும். காலையில் 6 மணிக்குக் குடத்தோடு போய் பிரசிடென்ட் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். துணைக்கு இன்னும் நாலைந்து பேர். உள்ளே இருந்து காபி வரும். கூடவே மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டருக்கு போனும் போகும். அரை மணி நேரத்தில் மோட்டார் ஓடும்.

போன முறை ஊருக்குப் போயிருந்தபோது மோட்டார் பழுதாகி நாலு நாள் ஆகியிருந்தது. “ஆபீசர்கிட்ட சொல்லலையா அப்பத்தா?” என்று கேட்டேன்.

“கிளர்க்குகிட்ட சொல்லியாச்சு. அவரு ஆபீசர்கிட்ட சொல்லியிருக்காராம். ஆபீசரும் நல்ல மனுசன்தான்னு சொல்றாங்க. ஆனா, அவரு வீடு எங்க இருக்குன்னு தெரியலையேத்தா!”

அதிகாரப் பரவலாக்கம் என்ற பெரிய வார்த்தைக்கு இதைவிட எளிமையான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. முடிவெடுக்கிறவர் நாம் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். அவர் நம் தெரு வழியாகத்தான் தினமும் போக வேண்டும். அடுத்த தேர்தலில் நம் முகத்தைப் பார்த்து ஓட்டு கேட்க வேண்டும்.

“பிரசிடென்ட்டுகள் மட்டும் யோக்கியமா? காசு அடிக்காத ஆள் யாரு? ஒரு நல்ல அதிகாரி பார்த்துக்கிட்டா ஊருக்கு நல்லதுதானே?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். கமிஷன் வாங்கும் தலைவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் ஜெயித்த இடங்களில் ‘பிரசிடென்ட் வீட்டுக்காரர்’ நாற்காலியில் உட்கார்ந்து ஊரை நடத்துவதும் நடக்கிறது. ஆனால், தப்பு செய்த தலைவரை ஐந்து ஆண்டில் ஊர் மாற்றிவிடலாம். தப்பு செய்யும் அதிகாரியை ஊரால் மாற்ற முடியாது. நல்ல அதிகாரியையும் ஊரால் தக்கவைத்துக்கொள்ள முடியாது. டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்தால் போய்விடுவார்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்திய அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டித்தான் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 வந்தது. இந்தத் திருத்தத்தின் 243-இ பிரிவு தெளிவாக ஒன்றைச் சொல்கிறது: ஊராட்சியின் ஆயுள் ஐந்து ஆண்டுகள், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. அந்த ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும்.

இப்படி ஒரு பிரிவு வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தமிழகத்தில் 1986-ல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதன் பிறகு அடுத்த தேர்தல் நடந்தது 1996-ல்தான். அப்படி இழுத்தடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கறாரான விதி.

ஆனாலும் என்ன நடந்தது? 2016 அக்டோபர் 17, 19 தேதிகளில் நடக்க வேண்டிய தேர்தலை, இடஒதுக்கீட்டுக் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டி சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்குகள் என்று மூன்று ஆண்டுகளுக்கும் மேல் தனி அலுவலர்கள் ஆட்சி. தேர்தல் நடந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிக்குத்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்பது விதி. அதனால் அந்தக் காலத்தில் மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. 2025-ல் மறுபடியும் அதே தனி அலுவலர்கள். வார்டு மறுவரையறைப் பணிகள்தான் இந்த முறையும் காரணமாகச் சொல்லப்பட்டன.

சட்டமன்றத் தேர்தல் குறித்த நேரத்தில் நடக்கவில்லை என்றால் நாடே கொந்தளிக்கும். டி.வி-யில் விடிய விடிய விவாதம் ஓடும். ஊராட்சித் தேர்தல் என்றால் செய்தித்தாளின் ஓரத்தில் நாலு வரி. அவ்வளவுதான்.

மதுரை பஸ்ஸில் ஏறுங்கள்

கூடலூரில் மதுரை பஸ்ஸில் ஏறினால் கம்பம், சின்னமனூர், தேனி, ஆண்டிபட்டி தாண்டி, கணவாய் இறங்கி உசிலம்பட்டி வரும். இந்த வட்டாரத்தில்தான் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் இருக்கின்றன. இவற்றோடு விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலையும் சேர்த்து நான்கு ஊராட்சிகள். தமிழக உள்ளாட்சி வரலாற்றில் மறக்க முடியாத நான்கு பெயர்கள்.

1996-ல் புதிய சட்டப்படி தேர்தல் வந்தபோது, இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டது. பெரும்பான்மைச் சமூகத்தினர் அதை ஏற்கவில்லை. பட்டியல் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மனு தாக்கல் செய்யவே பயந்தார்கள். வேலை கொடுப்பவர்களும் கடன் கொடுப்பவர்களும் எதிர்ப்பக்கத்தில் நிற்கும்போது யாருக்குத் துணிச்சல் வரும்? தேர்தல் அறிவிப்பார்கள், மனுவே வராது. சில முறை, ஊர் பெரியவர்கள் சொல்கிற ஆள் ஒருவர் ஜெயிப்பார். பதவியேற்ற கையோடு ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து போட்டுவிடுவார். நாற்காலி மறுபடி காலி. இப்படியே 10 ஆண்டுகள்!

அந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. அதே மதுரை மாவட்டத்தில் மேலூர் அருகே உள்ள மேலவளவு ஊராட்சியும் 1996-ல் தனித்தொகுதி ஆனது. மிரட்டல்களை மீறிப் போட்டியிட்டுத் தலைவரானார் முருகேசன். 1997 ஜூன் 30-ம் தேதி, மதுரை கலெக்டர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து அவரையும் உடன் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றார்கள். ஒரு ஊராட்சி நாற்காலியில் உட்கார்ந்ததற்காக!

2006 அக்டோபரில் இந்த நிலை மாறியது. அப்போது மதுரை கலெக்டராக இருந்த உதயச்சந்திரனும் மற்ற அதிகாரிகளும் ஊர்களுக்குப் போய் இரு தரப்போடும் பேசினார்கள். கட்சிகளும் இயக்கங்களும் பல ஆண்டுகளாகக் கொடுத்துவந்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. நான்கு ஊராட்சிகளிலும் தேர்தல் நடந்தது. ஜெயித்தவர்கள் பதவியிலும் உட்கார்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் முதல்வர் கருணாநிதி அதைச் சென்னையில் ‘சமத்துவப் பெருவிழா’வாகவே கொண்டாடினார். அப்போது உள்ளாட்சித்துறை அமைச்சராக இருந்த மு.க.ஸ்டாலின், 15 ஆண்டுகள் கழித்து முதல்வராக, 2021 அக்டோபர் 2-ம் தேதி பாப்பாபட்டி கிராம சபையில் மக்களோடு உட்கார்ந்தார்.

பாப்பாபட்டியில் நாற்காலி காலியாக இருந்ததற்குக் காரணம் சாதி. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் காலியாக இருப்பதற்குக் காரணம் தாமதம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். தலைவர் பதவியில் ஒரு பெண் உட்கார வேண்டும், ஒரு பட்டியல் சமூகத்தவர் உட்கார வேண்டும் என்று சட்டம் இடம் ஒதுக்குவது தேர்தல் வழியாகத்தான். தமிழகத்தில் பெண்களுக்கு 50 சதவிகித ஒதுக்கீடு 2016-ல் சட்டமானது. தேர்தலே நடக்கவில்லை என்றால் அந்த ஒதுக்கீடு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். தேர்தல் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும், அதிகம் இழப்பது கஷ்டப்பட்டு அந்த நாற்காலியைத் தொட்டவர்கள்தான்.

உட்கார்ந்த பிறகும் போராட்டம்

நாற்காலி கிடைத்தால் மட்டும் போதாது என்பதற்கும் உதாரணங்கள் உண்டு. 2020 ஆகஸ்ட் 15-ல் திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சியில், பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த பெண் தலைவரைத் தேசியக் கொடி ஏற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகு, சில நாள் கழித்து கலெக்டர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். அதே ஆண்டு அக்டோபரில், கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் படம் வெளியானது. சுற்றிலும் மற்றவர்கள் நாற்காலியில். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது.

அதிகம் பேசப்படாத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊராட்சியின் காசோலையில் தலைவரோடு துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். தவறு நடக்காமல் தடுக்க வந்த ஏற்பாடு இது. ஆனால், துணைத் தலைவர் கையெழுத்துப் போட மறுத்தால், டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் போகாது. தூய்மைக் காவலருக்குச் சம்பளம் போகாது. தலைவரை ‘வழிக்குக் கொண்டுவர’ இதைவிட சத்தமில்லாத ஆயுதம் வேறு இல்லை.

ஒரு தலைவரால் என்னதான் முடியும்?

‘ஊராட்சித் தலைவர்னா குழாய், லைட், சாக்கடை. அவ்வளவுதானே?’ என்பவர்கள் இரண்டு ஊர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கம். கெமிக்கல் இன்ஜினீயரான இளங்கோ, அரசு ஆராய்ச்சி நிறுவன வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்கு வந்து 1996-ல் தலைவரானார். சாக்கடை கட்டுவதில் செலவைக் குறைக்க, பக்கத்தில் வீணாகக் கிடந்த கல் துண்டுகளைப் பயன்படுத்தினார். மதிப்பீட்டில் இருந்தபடி கட்டவில்லை என்று அவர்மீது நடவடிக்கை பாய்ந்தது. பதவியில் இருந்து நிறுத்திவைக்கப்பட்டார். ஊர் கிராம சபையில் கூடி அவர் பக்கம் நின்றது. மீண்டும் பதவிக்கு வந்தார். 2001-ல் மறுபடியும் ஜெயித்தார். அவர் காலத்தில் கட்டிய சமத்துவபுரத்தில் 50 இரட்டை வீடுகள். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு பட்டியல் சமூகக் குடும்பம். அந்தப் பக்கம் வேறு சமூகக் குடும்பம்.

அடுத்தது கோவை மாவட்டம், மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை. 1996 முதல் 10 ஆண்டுகள் தலைவராக இருந்தவர் சண்முகம். தெருவிளக்கு, தண்ணீர் மோட்டார் என்று ஊராட்சியின் கரன்ட் பில் ஏறிக்கொண்டே போனது. ‘நாமே கரன்ட் தயாரித்தால் என்ன?’ என்று யோசித்தார்கள். ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி, சுமார் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் 2006-ல் நிறுவினார்கள். ஊர்த் தேவைக்குப் போக மிச்ச மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனை! உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு ஊர்களிலும் இருந்தது மற்ற ஊராட்சிகளுக்கு இருக்கும் அதே சட்டம்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர், ‘இது நம்ம ஊர், நாமே முடிவெடுப்போம்’ என்று துணிந்தார். ஊரும் கூட நின்றது. தற்காலிகப் பொறுப்பில் இருக்கும் ஓர் அதிகாரி, ஊராட்சி பெயரில் கோடி ரூபாய்க் கடன் வாங்கி காற்றாலை வைப்பாரா? அவரிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இன்னொரு உதாரணம், சமீபத்தியது. மேலூர் அருகே அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரப்போகிறது என்றதும், அந்த வட்டார ஊராட்சிகள் 2024 நவம்பர் 23 கிராம சபைகளில் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. அதன் பிறகு டிசம்பரில் சட்டமன்றமும் தீர்மானம் நிறைவேற்றியது. போராட்டம் பெரிதாகி, 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தலைவர் இல்லாத காலத்திலும் கிராம சபை கூடும், தீர்மானம் போடலாம். ஆனால், கூட்டத்தைக் கூட்டுகிறவர் அரசு அதிகாரி. அரசுத் திட்டம் ஒன்றை ஊர் எதிர்க்கும்போது, அந்தத் தீர்மானத்தைத் தன் கைப்பட எழுத அவர் எவ்வளவு சங்கடப்படுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம்

கூடலூர்க்காரர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. நம் ஊரில் இருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருகிறவர்கள் தினமும் பார்க்கிற பக்கம்தான் அது.

கேரளத்தில் 1996 ஆகஸ்ட் 17-ம் தேதி ‘மக்கள் திட்டம்’ தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவிகிதம் உள்ளாட்சிகளுக்கு. ஆரம்ப சுகாதார நிலையம், கால்நடை மருத்துவமனை, கிருஷி பவன் எல்லாம் கிராம பஞ்சாயத்தோடு இணைக்கப்பட்டன. அரசியலமைப்பின் 11-வது அட்டவணையில், ஊராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 29 துறைகளின் பட்டியல் இருக்கிறது. நம் பக்கம் அதில் பெரும்பாலானவற்றுக்கு இன்னும் அந்தந்தத் துறை அதிகாரிகள்தான் எஜமானர்கள்.

இன்னொரு வித்தியாசம், அங்கே தேர்தல் ஆண்டு தவறுவதில்லை. 1995, 2000, 2005, 2010, 2015, 2020 என்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை நடந்துவிட்டது. 2020-ல் கொரோனா பரவிக்கொண்டிருந்த நேரத்தில்கூட, டிசம்பரில் முகக்கவசத்தோடு வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். கேரளத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அங்கே 941 பெரிய பஞ்சாயத்துகள். இங்கே சுமார் 12,500 சிறிய ஊராட்சிகள். அமைப்பே வேறுதான். ஆனால், குறித்த காலத்தில் தேர்தல் நடத்துவதற்கு அமைப்பு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லையே!

கிராம சபைக்குப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

தேர்தல் எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை. ஆனால், தலைவர் இல்லாவிட்டாலும் கிராம சபை உண்டு. அது நம் கையில்தான் இருக்கிறது.

* யார் போகலாம்? உங்கள் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும். அழைப்பிதழ் தேவையில்லை.

* எப்போது? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள்கள். பண்டிகை குறுக்கே வந்தால் தேதி மாறும். ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

* எத்தனை பேர் வர வேண்டும்? மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை மட்டும் உட்காரவைத்துக் கணக்குக் காட்டுவது பல ஊர்களில் நடக்கிறது. நீங்களும் போனால்தான் அது கூட்டம்.

* என்ன கேட்கலாம்? ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கை வாசிக்கச் சொல்லுங்கள். நிதிக்குழு மானியம் எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்று கேளுங்கள். வீடு, கழிப்பறைத் திட்டங்களின் பயனாளிகள் பட்டியலைக் கேளுங்கள்.

* எப்போது கையெழுத்துப் போடுவது? உள்ளே நுழைந்ததும் நோட்டை நீட்டுவார்கள். வருகைப் பதிவு என்றால் சரி. தீர்மானப் புத்தகம் என்றால், தீர்மானத்தை எழுதி வாசித்த பிறகு போடுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடவே போடாதீர்கள்.

* நகல் வேண்டுமா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் தீர்மான நகலைக் கேட்டு வாங்கலாம்.

* நகரத்தில் இருக்கிறீர்களா? கூடலூர் போன்ற நகராட்சிகளில் இருப்பவர்களுக்கு 2022 முதல் ‘ஏரியா சபை’ என்ற ஏற்பாடு உண்டு. உங்கள் வார்டில் அது கடைசியாக எப்போது கூடியது என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். டீக்கடையில் மடக்கும்போது இதையும் சேர்த்துக் கேட்டுவிடலாம்!

அப்பத்தாவுக்கு இதையெல்லாம் போனில் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாப்பாபட்டி கதை வந்தபோது மட்டும், “அம்புட்டு வருசமா!” என்றார். கடைசியில், “அப்ப அடுத்த கூட்டம் என்னைக்குத்தா?” என்று கேட்டார்.

தேதியைச் சொன்னேன்.

“சரி. குடத்தோடயே போறேன். ஆபீசரு அன்னைக்காச்சும் ஊருக்குள்ள வருவாருல்ல?”